‘என்னையத் தெரியுதா?’ தேர்வுக்கு என் மகள் படித்த கதை

1

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியது அக்கா. மணப்பெண்ணின் தகப்பனாரான என் அண்ணன் அனுப்பவில்லை. பத்திரிகையின் அடியில், வரவேற்கும் சுற்றத்தார் பட்டியலில் என் பெயரும் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி என்று போட்டிருந்தார்கள், இனிஷியல் மாதிரி. பின்னாலேயே அக்காவின் குரல் செய்தி வந்தது.

“டேய் தம்பி, ஒம்பேரு போட்ருக்காக, பாத்தியா? போன் பண்ணிக் கூப்புடுங்கண்ணேன்னு சொன்னேன். ‘அதான் அச்சுல இருக்கே’ன்னுட்டாக. நீ ரோசம் பாக்காம வந்துரு. பிள்ளையவும் கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணுடா, இந்தத் தடவ பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வா.”

‘சொல்லிக் குடுத்து’ என்றால் என்னவென்று மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வளரும் பிள்ளை ஊருக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அதற்கு ஒரு தேர்வு நடக்கும். கேள்வி ஒன்றுதான்: “என்னையத் தெரியுதா?” கேட்பவர் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வார். விடையை அவராகச் சொல்ல மாட்டார். பெற்றோர் வாயைத் திறந்தால், “நீ சொல்லாத, பிள்ள சொல்லட்டும்” என்று அதட்டு விழும். பெரியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. “ஒங்களத் தெரியாம இருக்குமாண்ணே!” என்று கையைப் பிடித்துக்கொண்டால் பாஸ் மார்க் போட்டுவிடுவார்கள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே நான் பல கல்யாணங்களைத் தாண்டி வந்திருக்கிறேன். பிள்ளைகள் சொன்னால் அது செல்லாது.

எட்டு வருடங்களுக்கு முன்பு என் மகள் கயல் இந்தத் தேர்வில் தோற்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. திருநகரில் அண்ணன் புதிதாகக் கட்டியிருந்த வீடு. கூடம் நிறைய உறவினர்கள். சிம்மக்கல் கடையிலிருந்து வந்த அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, “என்னையத் தெரியுதா?” என்றார். அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அப்பா, இந்த அங்கிள் யாரு?” என்றாள்.

அண்ணன் எழுந்து, “சரிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதோடு விட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். நான் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொன்னேன். “சின்னப் பிள்ளதானண்ணே, அங்கெல்லாம் தபால்காரரக்கூட அங்கிள்னுதான் கூப்புடுவா.” அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. எங்கள் தெருத் தபால்காரர் ஒரு பெண்மணி என்பதைக் கூடுதல் தகவலாகச் சொல்லிக்கொள்கிறேன். பொய்யைக்கூட நான் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அண்ணனுக்கு இது ஏன் இப்படித் தைத்தது என்று புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். எங்கள் அப்பா வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சிம்மக்கல்லில் மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தார். பிறகு அதே தெருவில் சொந்தமாக மளிகை மொத்தக் கடை போட்டார். அப்படிப்பட்டவரை நான் தபால்காரரோடு சேர்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் போன் செய்தால் அண்ணிதான் எடுப்பார். “அவரு குளிக்கிறாரு தம்பி.” எட்டு வருடங்களாக அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறார்.

2

நான் பிழைப்பது மறதியில். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், குடியேறிகளுக்கு மொழி சொல்லித்தரும் செயலி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. கற்பவரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் செயலி என்று அதை விற்கிறோம். நீங்கள் எதை மறப்பீர்கள், எப்போது மறப்பீர்கள் என்று அது ஊகிக்கும். மறக்கப் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சொல் உள்ள அட்டையைத் திரும்ப நீட்டும். ‘தெரியும்’ என்று அழுத்தினால் மூன்று நாள் கழித்து வரும். அப்புறம் பத்து நாள், அப்புறம் ஒரு மாதம். ‘தெரியவில்லை’ என்று அழுத்தினால் நாளைக்கே வந்து நிற்கும், கைமாற்றுக் கொடுத்த ஆள் மாதிரி.

இதற்கு அடிப்படை போட்டவர் இந்த நாட்டுக்காரர் ஒருவர். நூறு வருடங்களுக்கும் முன்னால், அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்தது என்று தன்னையே சோதித்துக் குறித்துவைத்தார். வரைந்து பார்த்தால் முதலில் சடாரென்று சரிந்து, பிறகு மெல்லத் தரையோடு தரையாகப் போகும் ஒரு கோடு. எங்கள் அலுவலகச் சுவரில் அந்தக் கோட்டைப் பெரிதாக மாட்டியிருக்கிறோம். அதன் கீழேதான் நான் தினமும் குடையை மறந்து வைத்துவிட்டு வருகிறேன்.

அக்காவின் செய்தியைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த ஜெர்மன்காரர் படித்தது அர்த்தமில்லாத அசைகள். என் மகளுக்கு நம் சொந்தக்காரர்கள் கிட்டத்தட்ட அதேதான். சிரியாவிலிருந்து வந்தவருக்கு ஆறு மாதத்தில் ஜெர்மன் ஏற்றுகிற செயலிக்கு எங்கள் சொந்தபந்தத்தை ஏற்ற முடியாதா? முன்பக்கம் புகைப்படம், பின்பக்கம் பெயரும் முறையும். கல்யாணம் ஆவணியில். கையில் நான்கு மாதம் இருந்தது.

என் மனைவி சுமதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க அண்ணனுக்கு நேரா போன் பண்ணி மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும்” என்றாள்.

“அண்ணன் குளிக்கிறார்” என்றேன்.

3

புகைப்படம் அனுப்பும் பொறுப்பு அக்காவுக்கு. ஒரே வாரத்தில் எழுபத்தியொரு படங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் செய்தி. “இது நம்ம பேச்சியம்மா அத்த. மூணாவது மக கல்யாணத்துல வடை வரலன்னு சண்ட போட்டாகளே, அவுகதான்.” “இவுக நம்மகூடப் பேச்சுவார்த்த இல்ல. இருந்தாலும் போட்டு வையி, திடீர்னு பேசிப்புட்டாகன்னா?” எழுபத்தியொன்றும் ஒரே நிகழ்ச்சியில், அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எடுத்தவை. பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் சிக்கல் சேகரால் வந்தது. சேகர், அக்கா வீட்டுக்காரரின் தம்பி. அந்த வழியில் கயலுக்கு மாமா. அதே சேகர், சுமதியின் சித்தப்பா மகளைக் கட்டியவர். அந்த வழியில் சித்தப்பா. எங்கள் செயலி ஒரு கேள்விக்கு ஒரு சரியான விடையைத்தான் ஏற்கும். கயல் ‘மாமா’ என்றால் தப்பு என்றது. விடையை மாற்றினேன். முதலில் படித்த பழக்கத்தில் ‘சித்தப்பா’ என்றாள், அதையும் தப்பு என்றது.

“அப்பா, ஒரு ஆள் எப்டி ரெண்டா இருக்க முடியும்? இதுல லாஜிக்கே இல்ல.”

அக்காவிடம் தீர்ப்புக் கேட்டேன். “பொண்ணு வீட்டு ஆளுகளோட நின்னாகன்னா மாமா. ஒம்பொண்டாட்டி ஆளுகளோட நின்னாகன்னா சித்தப்பா. பந்தியில யாரு பக்கத்துல உக்காந்திருக்காகன்னு பாத்துக் கூப்புடச் சொல்லு. இதெல்லாமாடா ஒரு படிப்பு?” இந்தத் தர்க்கத்தைச் செயலியில் புகுத்த முடியுமா என்று எங்கள் பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர், உங்கள் ஊரில் மக்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றார்.

ஆனாலும் கயல் படித்தாள். காலையில் டிராமில் பள்ளிக்குப் போகும்போது பத்து, திரும்பும்போது பத்து. ஜெர்மன் தோழிகள் தோள் வழியே எட்டிப் பார்த்துத் தாங்களும் படித்தார்கள். அதில் ஒருத்தி பேச்சியம்மா அத்தையைப் பிழையில்லாமல் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தொழில்மீது மரியாதை வந்தது.

4

விடுப்பு வாங்கப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் பிள்ளைகளின் திருமணத்துக்கு ஒரு நாள் தனி விடுப்பு உண்டு. அண்ணன் மகள் எனக்கும் மகள்தானே? படிவத்தில் ‘மகள் திருமணம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் பணியாளர் பிரிவு அம்மையார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“உங்களுக்கு ஒரே மகள். வயது பதினான்கு. சரிதானே?” என்றார் மிக மெதுவான குரலில். “அந்தக் குழந்தையிடம் யாராவது பேச வேண்டுமா?”

அவர் என்ன நினைத்திருக்கிறார் என்று எனக்குப் பிடிபடச் சில வினாடிகள் ஆயின. வியர்த்துவிட்டது. இது அண்ணனின் மகள், வயது இருபத்தாறு, சொந்தச் சம்மதம், எம்.காம். படித்தவள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, “அதற்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறதே” என்றார். இருக்கிறது. எங்கள் செயலியில் இரண்டாம் பாடத்திலேயே வருகிறது. நான் அந்தப் பாடத்தைத் தாண்டி இருபது வருடம் ஆகிறது. ஒரு முறைகூட அந்தச் சொல்லை என் அண்ணன் மகளுக்குப் போட எனக்குத் தோன்றவில்லை.

தனி விடுப்பு கிடைக்கவில்லை.

5

இரண்டாவது மாதத்தில் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அண்ணனின் கோபம் ஏன் ஆறவில்லை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எட்டு வருடம் என்பது எங்கள் சுவரில் மாட்டிய கோட்டின்படி பார்த்தால் மனிதன் எதையும் மறக்கப் போதுமான காலம். அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டபோது விடை கிடைத்தது.

“எங்கிட்டு மறக்க விடுறாக? ஒவ்வொரு விசேசத்துலயும் எவனாச்சும் ஒருத்தன், ‘என்னண்ணே, தம்பி வரலையா, தம்பி மக ஒங்கள அங்கிள்னுச்சாமே’ன்னு கேட்டுப்புடுறான். அவுகளும் பாவம் அப்பத்தேன் மறந்திருப்பாக.”

மறக்கப் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். முதலில் மூன்றாம் நாள், அப்புறம் அந்த மாதக் காதுகுத்து, அப்புறம் பொங்கல், அப்புறம் அடுத்த வருடக் கல்யாணம். நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்வதை என் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்கே செய்து கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் எனக்கு மற்ற எழுபது அட்டைகளைப் பற்றிக் கவலை குறைந்தது. எல்லாமே அந்த ஒரு அட்டையில் இருக்கிறது என்று பட்டது. கயல் அவரிடம் மறுபடி தடுமாறினால் இன்னும் எட்டு வருடம் குளிப்பார். அண்ணனுக்கு வயது அறுபத்திரண்டு. சர்க்கரை இருக்கிறது. நான் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போடாத மாதிரி இருந்தேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவளுடைய முன்னேற்ற அறிக்கையைத் திறந்தேன். எழுபது பேர் பச்சை. அண்ணன் மட்டும் சிவப்பு. தினமும் ‘தெரியவில்லை’. தினமும். தொண்ணூறு நாட்களுக்கு மேல் ஒரே முகத்தை ஒரு பிள்ளை மறந்துகொண்டே இருக்க முடியுமா? எங்கள் செயலி இந்த மாதிரி அடம்பிடிக்கும் அட்டைகளை ஒரு கட்டத்தில் பயனில்லை என்று ஒதுக்கிவைத்துவிடும். அண்ணனையும் அன்று காலையில்தான் ஒதுக்கிவைத்திருந்தது. நானே எழுதிய விதி அது.

கையில் அச்சடித்த போட்டோவோடு அவள் அறைக்குப் போனேன். “இவர் யாரு? சொல்லு.”

“பெரியப்பா” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமலே.

“அப்புறம் ஏன் தெரியலன்னு அழுத்துற?”

“தெரியும்னு அழுத்தினா போய்டுவார்ல? முதல்ல மூணு நாள், அப்புறம் ஒரு மாசம். எனக்கு அவரை டெய்லி பாக்கணும்.” போட்டோவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “எனக்கு அது ஞாபகம் இருக்குப்பா. நான் அங்கிள்னு சொன்னப்ப அவர் முகம் எப்டி ஆச்சுன்னு. நீங்க எல்லாரும் நான் மறந்துட்டேன்னு நினைக்கிறீங்க. இதுல அவர் சிரிச்சிட்டிருக்கார். அதான்.”

அந்த விதியை எழுதிய நாளில் ஒரு மனிதப் பிறவி இப்படியும் அழுத்தும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் அட்டையைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

6

திருநகர் மண்டபத்தில் எங்களுக்கு ராஜ மரியாதை. முன்வரிசையில் துணி போட்ட நாற்காலி, ஆளுக்கொரு குளிர்பானம், என்னை ‘சார்’ என்று கூப்பிட ஒரு ஒலிபெருக்கிக்காரர். அண்ணன் இரண்டு முறை கடந்து போனார். முதல் முறை சுமதியிடம், “காப்பி குடிச்சியாம்மா?” என்றார். இரண்டாம் முறை அதுவும் இல்லை. அவர் பார்வை எங்கள் வரிசையில் என் நாற்காலியை மட்டும் தாண்டிக் குதித்தது.

தாலி கட்டி முடிந்ததும் தேர்வு ஆரம்பமானது. அப்போதுதான் என் பாடத்திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. அக்கா அனுப்பிய படங்கள் பத்து வருடத்துக்கு முந்தையவை. கயல் முகங்களைப் படிக்கவில்லை, படங்களைப் படித்திருந்தாள். சிவப்பு நாற்காலி என்றால் இன்னார், பின்னால் டியூப்லைட் என்றால் இன்னார். இங்கே எல்லோருக்கும் பின்னால் ஒரே வெல்வெட் திரை.

“என்னையத் தெரியுதா?” என்று முதலில் வந்தவர் சேகர்.

கயல் பார்த்தாள். “கொஞ்சம் சைடுல திரும்புறீங்களா?”

சேகர் திரும்பினார்.

“இன்னும் கொஞ்சம் குனிங்க. இலையப் பாக்குற மாதிரி.”

மண்டபத்தில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. சேகர் குனிந்தார். “கைய வாய்க்கிட்ட கொண்டு போங்க.” கொண்டுபோனார். “சேகர்!” என்றாள் உற்சாகமாக. பிறகு அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா!” என்றாள். கைதட்டல் எழுந்தது. அதன் பிறகு ஒருவரும் நேராக வரவில்லை, ஒவ்வொருவரும் பக்கவாட்டில் திரும்பி, குனிந்து, இல்லாத சோற்றைப் பிசைந்தபடியே, “என்னையத் தெரியுதா?” என்று கேட்டார்கள். பேச்சியம்மா அத்தை மட்டும் நேராகவே வந்து நின்றார். “வடை” என்றாள் கயல். அத்தை சிரித்த சிரிப்பில் பூ உதிர்ந்தது.

இதற்கிடையில் ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, “என்னையத் தெரியுதா மாப்ள?” என்றார். “ஒங்களத் தெரியாம இருக்குமாண்ணே!” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை யாரென்று தெரியாது.

எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அண்ணன் பந்திக் கூடத்து வாசலில் நின்று சமையற்காரரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்புவதற்குள் கயல் அங்கே போய்விட்டாள். பின்னால் ஓடினேன்.

“பெரியப்பா, என்னையத் தெரியுதா?”

அண்ணன் சத்தத்தை நிறுத்தினார். சமையற்காரரும் நிறுத்தினார். வாசலில் நின்ற ஐந்தாறு சொந்தக்காரர்கள், எட்டு வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள், அருகே வந்துவிட்டார்கள்.

“தெரியாம என்ன” என்றார் அண்ணன், வேறு பக்கம் பார்த்து.

“அது பதில் இல்ல. நான் யாருன்னு சொல்லுங்க.”

“எந்தம்பி மக.”

“பேரு?”

அண்ணன் இப்போது அவளைப் பார்த்தார். “ஏத்தா, எங்கிட்டயே பேரு கேக்குறியா? கயல்விழி. நாந்தேன வச்சேன் அந்தப் பேர. நீ பொறந்த அன்னைக்கு ஒங்கப்பன் போன் பண்ணி, ‘ஒரு பேரு சொல்லுண்ணே’ன்னு அழுதான். கடைய அடைச்சுப்புட்டு ரெண்டு நாளு யோசிச்சேன்.”

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, நீங்க வச்சதுன்னு சொன்னீங்க?”

சொல்லியிருக்கிறேன். அவளிடம், சுமதியிடம், அலுவலகத்தில், யார் கேட்டாலும். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதில், சொன்னதுதான் நினைவில் தங்கியிருந்தது. மனித நினைவு அப்படித்தான், எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் மாற்றி வைக்கும் என்று அலுவலகத்தில் பாடமெடுக்கிறவன் நான். அண்ணன் சொல்லச் சொல்ல அந்தப் போன் எனக்குக் கேட்டது. மருத்துவமனை நடைபாதை, என் கையில் போன் கார்டு, மறுமுனையில் மூட்டை இறக்கும் சத்தம். நான் அழுததும் உண்மை.

“மறந்துட்டேண்ணே” என்றேன். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன்.

அண்ணன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோட்டு, டை, கையில் பாதி குடித்த குளிர்பானம்.

“படிச்ச கழுத, பேரு வச்சவன மறந்துட்டு இங்கன வந்து மொத வரிசையில உக்காந்து கலரு குடிக்குதாம்ல, வெக்கங்கெட்ட பய, பந்தியில ஆளு பத்தாம நான் நாயா அலையிறேன், அந்தக் கோட்டக் கழட்டிப் போட்டுட்டு ரசத்தத் தூக்குடா.”

கோட்டைக் கயல் வாங்கிக்கொண்டாள். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வாளியைத் தூக்கினேன். மூன்றாவது இலையில் ஒரு பெரியவரின் அப்பளத்தின் மேல் முழுக் கரண்டியையும் ஊற்றிவிட்டேன்.

“கண்ணு எங்கிட்டுடா இருக்கு ஒனக்கு?” என்று பின்னாலிருந்து கத்தினார் அண்ணன்.

எட்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய இரண்டாவது வாக்கியம்.